ஒரே வீட்டு வெள்ளையும் கறுப்பும்

— அப்ப, நாங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுட்டு ஆடினோம்னு நீங்களும் சொல்றீங்களா சார்?

— நான் சொல்லலம்மா, புகார் சொல்லுது. நான் நடுவர். விசாரிக்கறது என் வேலை. அந்தக் கதவைச் சாத்திட்டு உக்காருங்க, வெள்ளை.

— எனக்குன்னு ஒரு பேர் இருக்கு சார்.

— இருக்கட்டும். முடிவுத்தாள்ல ரெண்டு கையெழுத்தும் விழற வரைக்கும் எனக்கு நீங்க வெள்ளை, அவங்க கறுப்பு. பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சா பாவம் பாக்கத் தோணும். அதனால அந்தப் பழக்கமே வெச்சுக்கல.

— எங்க உக்காரறது? எல்லா நாற்காலியிலயும் பெட்டி அடுக்கியிருக்கே.

— கீழ எறக்கி வைங்க. மெதுவா, மெதுவா. காயெல்லாம் கலந்துச்சுன்னா அப்புறம் நான்தான் குனிஞ்சு பொறுக்கணும். கறுப்பு, நீங்க அந்த பிரின்டர் பக்கத்துல உக்காருங்க. சாயாதீங்க, சுடும்.

— சரி சார்.

— ஏன்டி இப்பவே மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?

— நான் ஒண்ணும் தொங்கப் போடல அண்ணி.

— சார், இவ சாதாரணமாவே இப்படித்தான். எங்க கல்யாண போட்டோ பூராவும் இதே மூஞ்சியோடதான் நிக்கறா. நாத்தனாருக்குப் பொண்ணப் புடிக்கலன்னு எங்க சித்தி ஒரு வருஷம் பேசிட்டிருந்தாங்க. இத வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க.

— நான் மூஞ்சிய வெச்சு முடிவு பண்றதில்ல. கவனிங்க. முதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீங்க. வெள்ளை, கறுப்போட அண்ணன் மனைவி. ஒரே வீடு. சரியா?

— சரி. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே சோப்பு. அதுல என்ன சார் தப்பு?

— தப்புன்னு சொன்னேனா? இது கடைசிச் சுற்று. தேசிய அணிக்கு இந்தப் போட்டியிலேருந்து ரெண்டு பேர எடுப்பாங்க. டிரா ஆனா நீங்க ரெண்டு பேரும் உள்ள. யாராவது ஒருத்தர் தோத்தா, தோத்தவங்க வெளிய, அந்த இடத்துக்குப் பல் டாக்டர் பொண்ணு. ஆட்டம் டிரா. புகார் குடுத்திருக்கறது பல் டாக்டர்.

— அவரு என் கடைவாய்ப் பல்லப் புடுங்கினவரு சார். இப்ப என் இடத்தையும் புடுங்கப் பாக்கறாரு.

— அண்ணி, மெதுவா. வெளிய நிக்கறாங்க.

— கேக்கட்டும். மரத்துப்போற ஊசி போடாம கேக்கட்டும்.

— வெள்ளை, சிரிக்க வெக்காதீங்க. இது சிரிக்கற விஷயம் இல்ல. பேசி வெச்சதுன்னு நான் எழுதினா, ரெண்டு பேருக்கும் இந்த ஆட்டத்துல பூஜ்யம். ரெண்டு பேரும் அணியில இல்ல. அதோட ஒரு வருஷம் எந்தப் போட்டியிலயும் உக்கார முடியாது. புரியுதா?

— புரியுது சார்.

— நீங்க சொல்லுங்க கறுப்பு. புரியுதா?

— ம்.

— ‘ம்’ போதாது.

— புரியுது சார்.

— சரி. புகார்ல மொத்தம் ரெண்டு விஷயம். முதலாவது, இன்னிக்குக் காலையில கேன்டீன்ல உங்க வீட்டுக்காரர் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, ‘ரெண்டு பேரும் கையக் குடுத்துட்டு சீக்கிரம் எழுந்து வாங்க, வெய்யிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடலாம்’னு சொல்லியிருக்காரு. பல் டாக்டர் பக்கத்து மேசையில இருந்திருக்காரு.

— கடவுளே. இந்த மனுஷன் வாய எதுல தைக்கறது?

— சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு. அவரு எல்லா ஆட்டத்துக்கும் அதையேதான் சொல்வாரு. அவருக்கு சதுரங்கத்துல தெரிஞ்சது எல்லாம், குதிரை கோணலாப் போகும். அவ்வளவுதான். கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு, யாருக்கு எந்தப் பவர்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்வாரு. இந்த விஷயத்துல அவர் பேச்சு செல்லாது.

— செல்லாதுன்னு நீங்க சொல்றீங்க.

— அவர் சொன்னத அப்படியே கேட்டு நான் ஒரு காரியம் பண்ணினேன்னு எங்க தெருவுல யாராவது ஒருத்தர் வந்து சொல்லட்டும் சார். நான் இப்பவே அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்.

— கறுப்பு, உங்க அண்ணன் சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— நான் ஒண்ணும் சொல்லல. குழந்தைக்குப் பால் ஆத்திட்டிருந்தேன்.

— யாரோட குழந்தை?

— அண்ணியோடது. அண்ணி ஆட்டத்துக்கு முன்னாடி தனியா நடப்பாங்க. அப்ப நான் பாத்துக்குவேன்.

— அப்ப நீங்க எப்ப தயாராவீங்க?

— அதுக்கு முன்னாடி.

— இப்படித்தான் சார் பேசுவா. ஒரு வரிக்கு மேல வாங்கணும்னா கூலி குடுக்கணும். நான் சொல்றேன், கேளுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஆட்டம் வரும்னு தெரிஞ்ச நாள்லேருந்து வீட்ல சதுரங்கப் பேச்சே கிடையாது. சாப்பாட்டு மேசையில கெடந்த போர்டு மேல துணி போட்டு மூடியாச்சு. நான் படுக்கையறை, இவ மொட்டை மாடி. நான் கீழ வந்தா இவ லேப்டாப்ப மூடுவா. இவ உள்ள வந்தா நான் மூடுவேன். கேஸ் தீந்துபோச்சு, குழந்தைக்கு மூக்கு ஒழுகுது, இத விட்டா வேற பேச்சில்ல. பேசி வெச்சோமாம்! பேச்சுவார்த்தையே இல்லாம இருந்தோம்.

— அத யார் சாட்சி சொல்வா?

— உங்க புகார்ல இருக்காரே, அதே வாய் நீளமான ஆள்தான். நடுவுல கெடந்து அவருதான் நசுங்கினாரு.

— சரி, அத அப்படியே வெச்சுக்கலாம். கவனிங்க. பேசி வெச்ச டிரா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கடகடன்னு கொஞ்சம் காய் நகரும், ஆளுக்கு ஒரு கொட்டாவி, ஒரு கைகுலுக்கல், கேன்டீன். உங்க ஆட்டம் அப்படி இல்ல. காலையில உக்காந்தது, மத்த மேசை முக்கால்வாசி காலியான பிறகும் போயிட்டிருந்தது. நானே ரெண்டு தடவ வந்து நின்னு பாத்தேன். நல்ல ஆட்டம். அதுவரைக்கும் சந்தேகப்பட ஒண்ணுமில்ல.

— அப்பாடா. அதச் சொல்லுங்க.

— முடிக்கல நான். கறுப்பு, ஆட்டத்த ஆரம்பிச்ச அந்த ஓப்பனிங் நீங்க வழக்கமா ஆடறதில்லையே?

— இல்ல சார்.

— அதான் சார் நானும் கேக்கணும்னு இருந்தேன். ஏன்டி, எங்கேருந்து புடிச்ச அத?

— உங்க பழைய ஆட்டத்துலேருந்துதான் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க கறுப்புல அதத்தான ஆடுவீங்க. வெள்ளையில அதுக்கு எதிரா நீங்க ஆடினதே இல்ல. தேடிப் பாத்தேன்.

— பாத்தீங்களா சார்? என் கத்திய எடுத்து எனக்கே சீவறா. இவளோடதான் நான் பேசி வெச்சேனாம்.

— உங்களுக்குப் பெருமையா இருக்கற மாதிரி தெரியுது.

— பெருமையா? வயிறு எரியுது. பாதி ஆட்டம் வரைக்கும் எனக்கு மூச்சு முட்டிச்சு. என்னைப் பாத்தா தெரிஞ்சிருக்காது, நான் ஸ்டைலா உக்காந்திருப்பேன்.

— காலை ஆட்டிட்டிருந்தீங்க அண்ணி. மேசை குலுங்கிச்சு.

— வாயத் தொறந்தா இதுதான் வரும்.

— போதும். ரெண்டாவது விஷயத்துக்கு வரேன். அதுதான் பெருசு. இந்த லேப்டாப்பத் திருப்பறேன், ரெண்டு பேரும் பாருங்க. இதுதான கடைசி நிலை?

— ஆமா.

— ஆமா சார்.

— வெள்ளை நகர்த்தணும். சரியா?

— சரி.

— இதுல டிரா ஆகியிருக்கு. நான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். பல் டாக்டரும் போட்டுப் பாத்திருக்காரு, இப்ப இந்தக் கட்டடத்துல இருக்கற அத்தனை பேரும் போட்டுப் பாத்தாச்சு. வெள்ளை, நீங்க ஜெயிச்சுட்டீங்க. கிட்டத்தட்ட இல்ல. முழுசா. ராணி போய் ராஜாவுக்குப் பக்கத்துல இருக்கற ஓரத்துச் சிப்பாய வெட்டுது. ராஜா ராணிய எடுத்தே ஆகணும். யானை ஓரத்துக்கு வந்து செக். ஓடற கட்டத்தயெல்லாம் குதிரை பாத்துக்குது. செக்மேட்.

— ம்.

— ‘ம்’ இல்ல. நீங்களும் ‘ம்’ போட ஆரம்பிச்சுட்டீங்களா? இந்த நிலையில ஏன் டிராவுக்கு ஒத்துக்கிட்டீங்க?

— தெரியல சார். களைப்பா இருந்தது.

— களைப்பா.

— காலையிலேருந்து ஆடினா களைப்பு வராதா? ராத்திரி குழந்தை மூணு தடவ எழுந்தான். அந்த நேரத்துல எனக்கு அது கண்ணுக்குப் படல.

— ராணியக் குடுக்கறது கண்ணுக்குப் படல?

— படல.

— வெள்ளை, நான் நேராப் பேசறேன். இந்த மேட் பயிற்சி வகுப்புல சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்றது. நீங்களே சொல்லிக் குடுத்திருப்பீங்க.

— குடுத்திருக்கேன்.

— அப்ப?

— சொல்லிக் குடுக்கறப்ப இது மேட்னு தெரிஞ்சுதான உக்காருவோம். ஆடறப்ப யாரும் வந்து காதுல சொல்றதில்லையே.

— பேச்சு நல்லாத்தான் இருக்கு. போட்டிக் கமிட்டி இத நம்புமா?

— நம்பணும். வேற என்ன சொல்ல?

— அண்ணி.

— என்னடி?

— நீங்க நெஜமாவே அதப் பாக்கலையா?

— பாக்கலன்னுதான சொல்லிட்டிருக்கேன்.

— இல்ல… நீங்க அந்தக் குதிரையவே பாத்துட்டிருந்தீங்க. ரொம்ப நேரமா.

— குதிரை அங்க இருந்துச்சு, பாத்தேன். இவ ஒருத்தி. உன்ன யாரு இப்ப கேட்டா?

— நான் கேக்கறேன். கறுப்பு, நீங்க சொல்லுங்க. டிரா கேட்டது நீங்கதான?

— வந்து… கை நீட்டினேன் சார்.

— கை நீட்டறதுக்கு முன்னாடி ‘டிரா’ன்னு சொன்னீங்களா?

— இல்ல.

— வாயத் தொறக்கவே இல்லையா?

— இல்ல சார்.

— வெள்ளை, அவங்க ஒண்ணும் சொல்லலங்கறாங்க. நீங்க என்ன சொன்னீங்க?

— ‘சரி, டிரா’ன்னு சொல்லிக் கையக் குடுத்தேன். இவதான் எதுக்குமே வாயத் தொறக்க மாட்டாளே. வீட்ல தண்ணி வேணும்னாலும் டம்ளரத்தான் நீட்டுவா. கை நீட்டினா என்ன அர்த்தம், டிரா கேக்கறான்னுதான அர்த்தம்?

— விதிப்படி வாயால கேக்கணும்.

— விதிப்படி எத்தனையோ இருக்கு சார். விதிப்படி நீங்க மேசை பக்கத்துல இருந்திருக்கணும்.

— நாலாவது மேசையில தொட்ட காய ஆட மாட்டேன்னு ஒருத்தர் சண்டை போட்டுட்டிருந்தாரு. நான் அங்க இருந்தேன். ஒரு நடுவரை எத்தனை துண்டாக்குவீங்க? கவனிங்க. நான் திரும்பி வந்தப்ப நீங்க ரெண்டு பேரும் காயெல்லாம் அடுக்கிட்டிருந்தீங்க. யார் முகத்திலயும் ஒண்ணுமில்ல. ஜெயிக்கற ஆட்டத்த விட்டுட்டோமேன்னு ஒருத்தருக்கும் படபடப்பு இல்ல. தோக்கற ஆட்டம் தப்பிச்சுதேன்னு இன்னொருத்தருக்குச் சிரிப்பில்ல. அதுதான் எனக்கு உறுத்துது.

— நாங்க அப்படித்தான் இருப்போம்.

— வெள்ளை, நீங்க அப்படி இருக்கற ஆள் இல்ல. உள்ள வந்து உக்காந்ததுலேருந்து பாக்கறேன்.

— கதவ யாரோ தட்டறாங்க சார்.

— தட்டட்டும்.

— அண்ணனாத்தான் இருக்கும். குழந்தை அழற சத்தம் கேக்குது.

— ரெண்டு நிமிஷம் அவரையே சமாளிக்கச் சொல்லு. கண்ணாடி போட்டு விடட்டும். சிரிப்பான்.

— நான் எழுத வேண்டியத எழுதிடறேன். ஜெயிக்கற நிலையில, காரணம் எதுவும் இல்லாம, கேக்காத டிராவ ஒத்துக்கிட்டாங்க. டிராவால ரெண்டு பேருக்கும் லாபம். ஒரே குடும்பம். காலையில கேன்டீன்ல பேச்சு. இதயெல்லாம் வரிசையா வெச்சுப் பாத்தா எனக்கே வேற முடிவு தெரியலம்மா. ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான்.

— சார், இருங்க. அவசரப்படாதீங்க.

— அவசரப்படல. வேற காரணம் இருந்தா குடுங்க, எழுதிக்கறேன். குடுத்தா கேக்க மாட்டேன்னா சொல்றேன்?

— எனக்குக் கண்ணுக்குப் படல. அதுதான் காரணம். எத்தனை தடவ கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.

— அப்ப நான் எழுதறேன்.

— சார்.

— சொல்லுங்க கறுப்பு.

— நான் டிரா கேக்கல.

— அதத்தான சொன்னீங்க. வாயால கேக்கல, கை நீட்டினீங்க.

— இல்ல சார். கை நீட்டினதும் டிராவுக்கு இல்ல.

— பின்ன?

— தோத்துட்டேன்னு சொல்லத்தான் நீட்டினேன்.

— என்னது?

— நான் அந்த மேட்டப் பாத்துட்டேன் அண்ணி. சிப்பாய நகத்திக் கடிகாரத்த அழுத்தின உடனேயே பாத்துட்டேன். நீங்களும் அந்தக் குதிரையவே பாத்துட்டிருந்தீங்க. எப்படியும் ஆடப் போறீங்க. அந்த ராணி வந்து விழறத உக்காந்து பாக்க எனக்குத் தெம்பில்ல. அதுக்கு முன்னாடியே கை குடுத்து எழுந்துடலாம்னு நீட்டினேன். நீங்க ‘சரி, டிரா’ன்னுட்டீங்க.

— ரிசைன் பண்ணியிருக்க.

— ஆமா.

— ரிசைன் பண்ணிட்டு, கம்முனு உக்காந்து என்கூடக் காய் அடுக்கியிருக்க.

— ஒரு நிமிஷம் என் காதுல விழுந்தது சரிதானான்னே தெரியல அண்ணி. அதுக்குள்ள நீங்க கையப் புடிச்சுக் குலுக்கிட்டீங்க. சொல்லணும்னுதான் நெனச்சேன். அப்புறம் பேசாம இருந்துட்டேன். நான் எப்பவும் பேசாமத்தான இருப்பேன். யாருக்கும் வித்தியாசமாத் தெரியல.

— அடிப்பாவி.

— வெள்ளை, உக்காருங்க.

— எப்படி சார் உக்கார்றது? இவள நான் பச்சப்புள்ளன்னு நெனச்சிட்டிருக்கேன். எங்க அம்மாகிட்ட, எங்க சித்திகிட்ட, பாங்க்ல என் பக்கத்து சீட்டுக்காரிகிட்ட, எல்லார்கிட்டயும் என் நாத்தனார் மாதிரி வருமான்னு பீத்திக்கிட்டிருக்கேன். என் வெற்றிய எடுத்து மடியில கட்டிக்கிட்டு, ‘டீ குடிக்கறீங்களா அண்ணி’ன்னு கேட்டாளே சார், வெளிய வந்ததும்! டீ வேற வாங்கிக் குடுத்தா!

— நீங்க சர்க்கரை பத்தலன்னு சொன்னீங்க.

— வாய மூடுடி! குழந்தை பொறந்தப்புறம் நான் மொதல்ல ஆடற பெரிய போட்டி இது. ‘இனிமே இவ எங்க ஆடப்போறா’ன்னு சொன்னவங்க பேர எல்லாம் நான் மனசுல வெச்சிருக்கேன். ஜெயிச்சிருந்தா தனியா, தலைய நிமித்திக்கிட்டு உள்ள போயிருப்பேன். இப்பப் பாரு, கள்ள ஆட்டம் ஆடினவ மாதிரி பெட்டிங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். எல்லாம் உன்னால. ஒரு வார்த்தை. ‘டிரா இல்ல அண்ணி, தோத்துட்டேன்’. அத்தனை கஷ்டமா அது?

— கஷ்டம்தான் அண்ணி.

— என்ன கஷ்டம்?

— எனக்கும் அந்த இடம் வேணும்.

— உனக்குமா?

— நான் உங்க குழந்தைய வெச்சுக்கறேன், சமைக்கறேன், லேப்ல மத்தவங்க மாட்டேன்னு சொல்ற ஷிஃப்ட் எல்லாம் வாங்கிக்கறேன். அதனால எல்லாரும் எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சுக்கறீங்க. எனக்கு இது ஒண்ணு வேணும். போன தடவையும் அரைப் புள்ளியிலதான் போச்சு. இந்த டிராவோட அரைப் புள்ளி தானா வந்து கையில விழுந்துச்சு. நான் கைய மூடிக்கிட்டேன். தப்புதான்.

— இவ்வளவு நீளமா இவ பேசி நான் கேட்டதே இல்ல சார்.

— நான் எழுதிக்கிட்டேன். கறுப்பு, இதச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான சொல்றீங்க?

— தெரியும் சார்.

— சொல்லாம இருந்தா ரெண்டு பேரும் வெளிய. சொன்னா நீங்க மட்டும் வெளிய.

— ஆமா. அண்ணி மேட்டப் பாக்கலன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நானே நம்பல. பேசி வெச்ச ஆட்டம்னு அவங்க மேல பழி விழும். நாங்க பேசி வெக்கல சார். அது மட்டும் சத்தியம்.

— கவனிங்க. அப்ப விஷயம் சுலபம். தோல்விய ஒத்துக்கிட்டுக் கை நீட்டின உடனே ஆட்டம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாங்க, யார் எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கங்கறது கணக்குல வராது. முடிவுத்தாள்ல இன்னும் கையெழுத்து விழல, அதனால நான் மாத்தலாம். வெள்ளைக்கு ஒண்ணு, கறுப்புக்குப் பூஜ்யம். புகார் தள்ளுபடி. வெள்ளை அணியில. இன்னொரு இடம் பல் டாக்டர் பொண்ணுக்கு.

— அப்ப அவருக்கும் திருப்தி.

— அவருக்குத் திருப்தி இருக்காதும்மா. புகார் தப்புன்னு ஆயிடுச்சே. அவர் மன்னிப்பு கேக்கணும். நான் கேக்க வெப்பேன். கறுப்பு, இங்க ஒரு கையெழுத்து. அவசரமில்ல, படிச்சுட்டுப் போடுங்க.

— படிக்க என்ன இருக்கு சார். எங்க, இங்கயா?

— அதுக்குக் கீழ. ஆங். நன்றி. நான் இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா சொல்லணும்னு தோணுது. இந்த அறைக்குள்ள வந்து தனக்கு எதிரா ஒருத்தர் பேசி நான் பாத்ததில்ல.

— பேரச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க சார்.

— மாட்டேன். இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கு.

— நான் வெளிய போகட்டுமா? குழந்தை இன்னும் அழறான். அண்ணி, அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம். போட்டிக்கு எத்தனை நாள் வெளிய போகணும்னு கேட்டுச் சொல்லுங்க, நான் லீவ் போட்டுடறேன். அவன் ராத்திரியில என்கிட்ட இருந்துக்குவான்.

— உக்காரு.

— அவன் அழறான் அண்ணி.

— அழட்டும். உக்காரு.

— வெள்ளை, இந்தாங்க பேனா.

— குடுங்க.

— என்னம்மா, எழுதலையா? உதறிப் பாருங்க. இல்லன்னா வேற தரேன்.

— எழுதுது சார்.

— அப்புறம்? உங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சு. போடுங்க, நான் போய் அந்தப் பல் டாக்டர முடிக்கணும். எனக்கும் காலையிலேருந்து பசிக்குது.

— இவ கை நீட்டினப்ப ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொன்னீங்க.

— ஆமா.

— அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தா?

— அதுக்கு முன்னாடி எப்படிம்மா முடியும்? முடிய என்ன இருந்துச்சு?

— அண்ணி, போட்டுடுங்க. எனக்குக் கோபமில்ல. நெஜமாவே.

— உனக்குக் கோபமில்லன்னுதான் எனக்கு எழுத வரல. நீ கொஞ்ச நேரம் பேசாம இரு. அது உனக்கு நல்லா வரும். சார், அந்த ராணிய நான் பாத்தேன்.

— கண்ணுக்குப் படலன்னீங்க?

— பொய். நல்லாப் பட்டுது. இவ சிப்பாய நகத்தினப்பவே பட்டுது. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறது இவ. இவ்வளவு சுலபமா மாட்டிக்க மாட்டா, எங்கயோ ஒரு பொறி இருக்கும்னு நெனச்சு ஒரு தடவ சரி பாத்தேன். திரும்பச் சரி பாத்தேன். அப்புறம் இன்னொரு தடவ. வேற யாரா இருந்தாலும் ஒரே நொடியில ராணியத் தூக்கிப் போட்டிருப்பேன்.

— மேட் இருக்குன்னு தெரிஞ்சுமா டிராவுக்கு ஒத்துக்கிட்டீங்க? அப்ப நான் முதல்லேருந்து எழுதணுமேம்மா. ஏன் ஆடல?

— ஆட நேரமில்ல சார். நேரம் தீந்தவ தோத்தவ, அத நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம். நான் ராணியத் தொடப் போனப்பவே என் கடிகாரத்துல பூஜ்யம். அதுக்கப்புறம்தான் இவ கை நீட்டினா, நான் ‘சரி, டிரா’ன்னு அந்தக் கையப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால கடிகாரத்த அணைச்சேன்.